பழைய இத்தாலிய விளக்குகளும் நாற்காலிகளும்: பெயரைப் பார்த்து அல்ல, மரையைப் பார்த்து வாங்குங்கள்

இரண்டாம் உலகப்போர் முடிந்ததிலிருந்து 1970களின் நடுப்பகுதி வரை மிலான், மோன்சா, மேதா, கான்தூ வட்டாரத்தில் செய்யப்பட்ட விளக்குகளையும் மரச்சாமான்களையும் இன்று உலகம் முழுக்கத் தேடி வாங்குகிறார்கள். தேவை கூடக்கூடப் போலியும் கூடியது. போலி என்றால் சீனாவில் அச்சடித்த மாதிரி வந்த நகல்களை மட்டும் நினைக்காதீர்கள். இத்தாலியிலேயே பழைய பித்தளைக் குழாய்களும் புதிய கண்ணாடிகளும் சேர்த்து, அமிலத்தில் நனைத்துக் கறுக்க வைத்து, "1950களைச் சேர்ந்தது" என்று விற்கிறார்கள். யாராலோ செய்யப்பட்ட பெயரில்லாத நல்ல பழைய விளக்கில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, விலையைப் பல மடங்கு ஏற்றுவது அதைவிடச் சாதாரணம்.

அதனால் வடிவமைப்பாளர் பெயரைக் கடைசியில் பாருங்கள். திருகு, மரை, ஒயர், சூட்டின் தடம், எடை என்று பொருள் தானே சொல்லும் சாட்சிகளை முதலில் கேளுங்கள். அவை ஒன்றோடொன்று ஒத்துப்போனால்தான் பெயரைப் பற்றிப் பேச வேண்டும்.

எங்கே தொடங்குவது

விளக்கில் தொடங்குங்கள். சோபாவைவிட அனுப்புவது எளிது, பிரித்துப் பார்க்கலாம், தப்பாக வாங்கினாலும் நஷ்டம் தாங்கும். எல்லா நிறுவனங்களையும் ஒரே நேரத்தில் கற்க முயலாமல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஓர் ஆண்டு அதையே பாருங்கள். ஒரே தயாரிப்பாளரின் முப்பது விளக்குகளை அடிப்பக்கம் வரை பார்த்தவருக்கு முப்பத்தொன்றாவது போலி என்றால் கண்ணில் உறுத்தும்.

தெரிந்திருக்க வேண்டிய சில பெயர்கள்: ஜீனோ சர்ஃபாத்தி 1939இல் தொடங்கிய ஆர்டெலூச்சே; ஜுசெப்பே ஒஸ்தூனி 1945இல் தொடங்கிய ஓலூச்சே; புரூனோ காத்தா 1946இல் தொடங்கிய ஸ்டில்னோவோ; மோன்சாவில் ஆஞ்செலோ லெலி நடத்திய ஆர்ரேடோலூச்சே; வடிவமைப்பாளர்கள் ஜியோ போன்டி, பியெத்ரோ கியேசா காலத்திலிருந்து கண்ணாடிக்குப் பேர்போன ஃபொன்டானா ஆர்தே; 1960இல் ஆர்டெமிடே; 1962இல் ஃப்ளோஸ். ஆர்டெலூச்சேயில் ஒரு வசதி உண்டு. மாதிரி எண்ணிலேயே விளக்கின் இனம் பெரும்பாலும் தெரிந்துவிடும். மேசை விளக்குகள் 500, 600களில் (566, 600, 607), நின்ற விளக்குகள் 1000க்கு மேல் (1063), தொங்குபவை 2000க்கு மேல் (2097). "ஆர்டெலூச்சே 2000 வரிசை மேசை விளக்கு" என்று யாராவது எழுதினால் எண் தெரியாமல் எழுதுகிறார் என்று பொருள்.

முதல் கொள்முதலுக்கு ஏற்றவை நிறையத் தயாரிக்கப்பட்ட பொருட்கள்தாம். விகோ மஜிஸ்த்ரெத்தி ஆர்டெமிடேக்குச் செய்த எக்லிஸ்ஸே, கார்டெல்லின் வட்டமான கோம்போனிபிலி அலமாரி (அன்னா காஸ்தெல்லி ஃபெர்ரியெரி, 1967), ரிச்சர்ட் சாப்பரின் தீட்சியோ (1972) போன்றவை. இவை இன்றும் உற்பத்தியில் இருப்பதால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும். அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

ஒரு விளக்கைப் படிக்கும் முறை

கையில் வேண்டியவை: சிறிய காந்தம், டார்ச், 10 மடங்கு லென்ஸ், வெர்னியர் அளவுகோல், பட்டை ஸ்க்ரூ டிரைவர், எம்10×1 மரை வெட்டிய ஒரு நட்டு. கடைசியாகச் சொன்னது சில ரூபாய்ப் பொருள்தான், ஆனால் அதுதான் அதிகம் உழைக்கும்.

ஐரோப்பிய விளக்குக் குழாய்களில் பெரும்பாலும் எம்10×1 மரைதான் இருக்கும்: 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி. அமெரிக்க விளக்குகளில் இருப்பது அங்குல மரை. பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரிந்தாலும் நட்டு இரண்டு சுற்றுக்கு மேல் ஏறாது, இறுகிவிடும். மிலானில் செய்ததாகச் சொல்லப்படும் விளக்கின் நடுக்குழாயிலேயே அங்குல மரை இருந்தால் நின்று யோசியுங்கள். அமெரிக்க இறக்குமதியாளர்கள் ஹோல்டரையும் கூரையில் பொருத்தும் மேல்தட்டையும் மட்டும் அங்கே மாற்றிய உண்மையான இத்தாலிய விளக்குகளும் உண்டு. அவற்றில் உள் இணைப்புகளில் மெட்ரிக் மரையும் வெளி முனையில் அங்குல மரையும் இருக்கும். எங்கே எது இருக்கிறது என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

அடுத்து காந்தம். 1950களின் நல்ல நிறுவனங்கள் நிழற்கூட்டை அலுமினியத்தில் சுழற்றி வடித்தன, தண்டைப் பித்தளையில் செய்தன. கூட்டில் காந்தம் ஒட்டினால் இரும்புத் தகடு. மலிவான நகல்களில் இதுதான் முதலில் மாட்டும். அடிப்பீடத்தில் ஒட்டினால் பயப்பட வேண்டாம், எடைக்காக உள்ளே வார்ப்பிரும்பு வைப்பது அன்றைய வழக்கம்.

பிறகு சூட்டின் தடம். நாற்பது, அறுபது வாட் இழைப் பல்புகள் பல்லாண்டு எரிந்த கூட்டின் உட்பக்க வெள்ளைப் பெயின்ட் பல்புக்கு நேர் மேலே பழுப்பேறியிருக்கும், ஓரத்துக்குப் போகப்போக வெளிறும். ஹோல்டரை ஒட்டிய பெயின்ட் நொறுங்கியிருக்கும். வெளிப்பக்கம் முழுக்கத் தேய்ந்து, உட்பக்கம் பால்போல வெள்ளையாக இருந்தால் ஒன்று மறுபெயின்ட், இல்லையென்றால் வெளித்தேய்மானம் செய்துவைத்தது. மறுபெயின்ட் அடித்த உண்மையான விளக்கை வாங்கலாம், அதற்குரிய விலையில்.

பித்தளை பொய் சொல்லத் தெரியாத உலோகம். உண்மையான பழசில் கை படும் இடம் (சுவிட்ச், கைப்பிடி, திருப்பும் மூட்டு) ஒரு நிறம், கை படாத இடம் வேறு நிறம். பழைய வார்னிஷ் செதில் செதிலாக உரிந்து, உரிந்த இடத்தில் மட்டும் கறுப்பு இறங்கியிருக்கும். இணைப்பு இடுக்குகளில் பச்சைக் களிம்பு கட்டியிருக்கும். அமிலத்தில் முக்கியெடுத்ததில் எல்லா இடமும் ஒரே பழுப்பு. இங்கே ஒரு திருகைக் கழற்றி லென்ஸில் பாருங்கள். நட்டு மூடியிருந்த மரையில் காற்றே படாததால் பழைய விளக்கில் அது பளிச்சென்றுதான் இருக்கும். மூடியிருந்த இடமும் வெளியும் ஒரே கறுப்பாக இருந்தால் பாகங்களைத் தனித்தனியாக நனைத்து, பிறகு பூட்டியிருக்கிறார்கள். திருகுத் தலையும் பேசும்: 1950களில் பட்டைப் பிளவுத் தலைதான் வழக்கம். நட்சத்திரத் தலைத் திருகு ஒன்றிரண்டு இருந்தால் பழுதுபார்த்தது, எல்லாமே நட்சத்திரம் என்றால் விளக்கே பிற்காலத்தது.

மின்பாகங்கள் நாள்காட்டிபோல உதவும். ஐரோப்பிய விதிகளுக்கு ஏற்றது என்று காட்டும் சிஇ (CE) குறி மின்பொருட்களுக்குக் கட்டாயமானது 1990களில். அது அடிப்பீடத்தில் அச்சாகியிருந்தால் விளக்கு மறுபதிப்பு. பிரவுன், நீல நிற ஒயர்கள் ஐரோப்பாவில் பொதுவானது 1970ஐ ஒட்டித்தான். ஒயரில் நடுவே பொருத்தும் சிறிய, உருண்டை ஓரமுள்ள சுவிட்ச் இத்தாலிய விளக்குகளில் எங்கும் இருக்கிறதே, அதை காஸ்திலியோனி சகோதரர்கள் விஎல்எம் நிறுவனத்துக்கு வடிவமைத்தது 1968இல். 1955ஆம் ஆண்டு விளக்கில் அது இருந்தால் ஒயர் மாற்றப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். தவறில்லை. ஆனால் விற்பவர் "ஒயர் கூட ஒரிஜினல்" என்று சத்தியம் செய்தால், அவர் சொல்லும் மற்றவற்றையும் அதே தராசில் நிறுங்கள்.

ஸ்டிக்கரைக் கடைசியில் பாருங்கள். பழைய நிறுவனங்களின் ஸ்டிக்கர்களை இன்று அச்சடித்துத் தனியாகவே விற்கிறார்கள். பழைய காகித லேபிளின் ஓரம் பழுத்து, பசை கசிந்து தூசி பிடித்திருக்கும். மெதுவாக ஒரு மூலையைப் பார்த்தால் அடியிலுள்ள உலோகம் வேறு நிறத்தில் தெரிய வேண்டும். உலோகத்தில் குத்திய முத்திரை இதைவிட நம்பகமானது. அதுவும் மேல்தட்டின் உட்புறத்தில், பெயின்ட்டுக்கு அடியில் இருந்தால் இன்னும் நல்லது.

பெயர்பெற்ற சில விளக்குகளில் பார்க்க வேண்டியவை

ஆர்கோ (1962, அகீல்லே, பியெர் ஜாக்கோமோ காஸ்திலியோனி, ஃப்ளோஸ்): அடியில் சுமார் 65 கிலோ கர்ராரா சலவைக்கல். அதில் குறுக்காக ஒரு துளை இருக்கும், துடைப்பக்கட்டையை நுழைத்து இருவர் தூக்குவதற்காக வைத்தது. கல்லின் விளிம்புகள் இடித்துக்கொண்டாலும் அடிபடாதபடி சீவப்பட்டிருக்கும். நகல்களில் கல் சிறுத்துவிடும், வளைவு முழுதாக நீளும்போது விளக்கு தள்ளாடும். கல்லில் விரிசல் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். அது தலைக்கு மேல் இரண்டு மீட்டர் நீளும் பொருள்.

சர்ஃபாத்தி 2097 (1958): 30 அல்லது 50 பல்புகள், ஒயர்கள் வெளியே தொங்கும். 30 பல்புக்கும் 25 வாட் இழைப் பல்பு போட்டால் 750 வாட். 2 வாட் எல்இடி போட்டால் 60. தொங்கும் ஒயர்களின் வளைவுகள் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும், ஒன்று குட்டையாக இருந்தாலும் வடிவம் கெடும். ஃப்ளோஸ் இதை இன்றும் செய்கிறது, அதனால் பழசு என்று விற்கும்போது ஹோல்டரையும் மேல்தட்டையும் படம் கேளுங்கள்.

சர்ஃபாத்தி 600 (1966): தோல் பைக்குள் ஈயக் குண்டுகள். தையல் விட்டால் குண்டு உதிரும். தோலில் வெடிப்பு இருந்தால் உலுக்கிப் பார்க்காதீர்கள். உதிர்ந்ததைக் கையுறை போட்டுச் சேகரியுங்கள், ஈயம் நஞ்சு.

தீட்சியோ: கைகளுக்குள் ஒயரே கிடையாது. அடியிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 12 வோல்ட், கைகள் வழியாகவே ஓடுகிறது. 50 வாட் பல்புக்கு 4 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் போகும். மூட்டில் தொடர்பு சரியில்லையென்றால் அங்கே சூடேறிக் கருகும். கையை அசைக்கும்போது விளக்கு மினுக்கினால் பெரும்பாலும் மூட்டுப் பொத்தான்கள்தான் காரணம்; பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தொடர்புக்கான திரவத்தில் நனைத்த பஞ்சால் துடைத்தாலே தீரும். டிரான்ஸ்ஃபார்மர் எந்த வோல்டேஜுக்கானது என்பதைத் தட்டில் படித்துவிட்டுச் சொருகுங்கள். அமெரிக்காவுக்கான 110 வோல்ட் தீட்சியோ நம் 230இல் ஒரு நிமிடம் தாங்காது.

பிபிஸ்த்ரெல்லோ (காயே அவுலேந்தி, 1965, மார்தினெல்லி லூச்சே): வௌவால் இறக்கை வடிவக் கூடு, அக்ரிலிக். கண்ணாடித் துடைப்பான், ஸ்பிரிட் எதுவும் படக் கூடாது, மயிரிழை வெடிப்புகள் ஓடிவிடும். சோப்புத் தண்ணீர் போதும். தண்டு ஏறி இறங்கி நின்ற இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

நெஸ்ஸோ, தலூ போன்ற ஏபிஎஸ் பிளாஸ்டிக் விளக்குகளில் மஞ்சளிப்பு வரும், வெள்ளையில் அப்பட்டமாகத் தெரியும். பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்கலாம் என்று இணையத்தில் சொல்வார்கள். வெளுக்கும், பிறகு மஞ்சள் திரும்பும், பிளாஸ்டிக்கும் மொறுமொறுப்பாகும். ஆரஞ்சு நிறத்தில் வாங்கிவிட்டால் பிரச்சினை பாதியாகும். ஹோல்டரைச் சுற்றி விசிறிபோல விரிசல் இருந்தால் யாரோ அளவுக்கு மீறிய பல்பு போட்டிருக்கிறார்கள். அது நீளத்தான் செய்யும்.

கண்ணாடி

ஒரு விளக்கின் விலையில் பாதிக்கு மேல் கண்ணாடியில் இருக்கலாம், அதுவும் மாற்ற முடியாதது. மாக்ஸ் இன்க்ராண்ட் 1954இல் ஃபொன்டானா ஆர்தேக்குச் செய்த 1853 போன்றவற்றில் வெள்ளைக் கண்ணாடி உடைந்தால் உலோகச் சட்டம் தனியாக எதற்கும் ஆகாது. அமிலத்தில் மங்கலாக்கிய கண்ணாடி பட்டுப்போல வழுக்கும். மணல் வீசி மங்கலாக்கியது சொரசொரக்கும், விரல் ரேகை ஒட்டிக்கொள்ளும். சில விளக்குகளில் மணல் வீச்சே அசல்தான் என்றாலும், ஒரே விளக்கில் ஒரு கூடு வழுக்கி மறு கூடு சொரசொரத்தால் ஒன்று மாற்றப்பட்டது.

வெனிஸ் அருகே முரானோ தீவில் செய்த கண்ணாடித் தொங்குவிளக்குகளில் எண்ணிப் பார்ப்பதுதான் வேலை. சட்டத்தில் எத்தனை கொக்கிகள், எத்தனை துண்டுகள், எத்தனை ஓரம் உடைந்தவை. வெனீனியின் பலமுகத் துண்டுகள், விஸ்தோசிக்கு ஆஞ்செலோ மாஞ்சியாரோத்தி செய்த ஜொகாலி வளையங்கள் (1967) இரண்டுக்கும் இன்று புதுத் துண்டுகள் கிடைக்கின்றன. பழையவற்றோடு கலந்து தொங்கவிட்டால் வெளிச்சத்தில் நிறம் காட்டிக்கொடுக்கும். பகலில், பல்பை அணைத்து, வெள்ளைத் துணிக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள்.

ஒயர் மாற்றுவது

பழைய ஒயரை அப்படியே ஓடவிடுவது வீரமில்லை. ரப்பர் உறை காய்ந்து, வளைக்கும்போதே உதிரும். பித்தளைத் தண்டுக்குள் அது உதிர்ந்தால் விளக்கு முழுதும் ஷாக் அடிக்கும். வெறும் பல்பு விளக்குகளுக்கு வோல்டேஜ் கவலை இல்லை, இத்தாலியில் அன்று 125 வோல்ட் இருந்த ஊர்களில் ஓடியிருந்தாலும் இன்று 230க்கான பல்பு போட்டால் போதும். டிரான்ஸ்ஃபார்மர், டியூப்லைட் சோக் உள்ளவற்றில்தான் தட்டைப் படிக்க வேண்டும்.

1. பிரிப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் படமெடுங்கள். கைகளுக்கு மாஸ்கிங் டேப்பில் எண் ஒட்டுங்கள். அந்தந்தக் கைக்கு அந்தந்தத் துளை என்று தேய்ந்திருக்கும், மாற்றிப் பூட்டினால் சாயும்.

2. பழைய ஒயரை வெறுமனே பிடுங்காதீர்கள். அதன் முனையில் மெல்லிய நைலான் நூலைக் கட்டி மறுபக்கம் இழுத்தால் நூல் உள்ளே தங்கும், அதில் புது ஒயரைக் கட்டி இழுக்கலாம். சிக்கினால் கொஞ்சம் டால்கம் பவுடர்.

3. உலோக உடல் விளக்குக்கு எர்த் வேண்டும்: 3×0.75 சதுர மி.மீ. ஒயர், எர்த் முனையை உடலில் சுரண்டிய, பெயின்ட் இல்லாத இடத்தில் திருகுங்கள். இடமே இல்லாத மெல்லிய கைக்குழாய்களில் சூடு தாங்கும் டெஃப்லான் உறையிட்ட 0.5 சதுர மி.மீ. தனி ஒயர்கள் நுழையும். முழு ஒயர் நுழையவில்லை என்று உறையைச் சீவி நுழைப்பதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தப்பு.

4. குழாயின் வாய் கத்திபோல இருக்கும். வட்ட அரத்தால் ஓரத்தை மழுக்கி, பிளாஸ்டிக் புஷ் போடுங்கள்.

5. ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் இழுவை தாங்கும் கிளிப் அவசியம். ஒரு முடிச்சுப் போட்டு விடுவது பழைய பழக்கம், நம்பாதீர்கள்.

6. பழைய ஹோல்டர் விரிசலில்லாத பீங்கான் என்றால் தக்கவையுங்கள். பேக்கலைட் கருகியிருந்தால் மாற்றுங்கள். இத்தாலிய விளக்குகளில் பெரும்பாலும் இ14, இ27 திருகு ஹோல்டர்கள். நம் ஊர் பின் ஹோல்டரைத் திணிக்காதீர்கள், இ14 எல்இடி எங்கும் கிடைக்கிறது.

7. முடித்ததும் மெக்கரில் (ஒயரின் காப்பைச் சோதிக்கும் கருவி) 500 வோல்ட் வைத்து ஒயருக்கும் உடலுக்கும் இடையே பாருங்கள். 2 மெகா ஓம்முக்குக் கீழே காட்டினால் எங்கோ உறை நசுங்கியிருக்கிறது. கையில் மெக்கர் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள், மல்டிமீட்டர் இதற்குப் போதாது.

கழற்றிய ஹோல்டர், சுவிட்ச், பிளக் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு விளக்கோடு வையுங்கள். நாளை விற்கும்போது அந்தப் பை பேசும்.

சுத்தம் செய்வதில் ஒரு எச்சரிக்கை மட்டும். குத்துவிளக்குக்குப் புளியும் பீதாம்பரியும் போட்டுத் தேய்க்கும் கை இங்கே நீளக் கூடாது. வார்னிஷும் பழநிறமும் ஒருமுறை போனால் போனதுதான், கூடவே விலையும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு மிதமான சோப்பு, மென்துணி, உடனே ஈரம் ஒற்றி, மெல்லிய மெழுகுப் பூச்சு. பச்சைக் களிம்பு தடித்திருந்தால் மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள், இரும்பு வேண்டாம்.

நாற்காலி, சோபா, மேசை

காசீனா நிறுவனம் 1957இல் வெளியிட்ட ஜியோ போன்டியின் 699 சூப்பர்லெஜ்ஜெரா நாற்காலியின் எடை 1.7 கிலோ. கால்கள் ஆஷ் மரம், குறுக்குவெட்டு முக்கோணம், தடிமன் 18 மி.மீ. இந்த மூன்று எண்களும் தெரிந்தால் சமையலறைத் தராசும் அளவுகோலும் போதும். இரண்டு கிலோவைத் தாண்டினால் அது வேறு நாற்காலி. லிகூரியக் கடற்கரையில் கியாவரி ஊரில் மெல்லிய நாற்காலி செய்யும் மரபு 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. போன்டியே அதைப் பார்த்துத்தான் வடித்தார். அந்த ஊர் நாற்காலிகள் "போன்டி" என்ற பெயரில் நிறையச் சுற்றுகின்றன. நல்ல நாற்காலிகள்தாம், விலைதான் வேறு. சூப்பர்லெஜ்ஜெராவில் உடைவது பின்கால் வளையும் இடமும் குறுக்குச்சட்டம் நுழையும் துளையும். நாற்காலியை இரு பின்காலில் சாய்த்து மெதுவாக முறுக்கிப் பாருங்கள், "டிக்" சத்தம் கேட்டால் மூட்டு விட்டிருக்கிறது. ஒட்டுவதற்கு வச்சிரம் (விலங்குத் தோலில் காய்ச்சும் பசை) பயன்படுத்துங்கள். ஃபெவிகால் மாதிரிப் பசை பிடித்துக்கொண்டால் அடுத்த தலைமுறை ஆசாரி அதைப் பிரிக்க மரத்தையே உடைக்க வேண்டியிருக்கும். வச்சிரம் வெந்நீருக்கு இளகும்.

ஆர்ஃப்ளெக்ஸ் நிறுவனத்து நாற்காலிகள் வேறு கதை. பிரெல்லி டயர் நிறுவனத்தின் ரப்பர் நுரையும் இழுபட்டையும் இல்லாமல் மார்க்கோ சனூசோவின் லேடி நாற்காலி (1951) பிறந்திருக்காது. ரப்பர் அறுபது ஆண்டு உழைக்காது. கையால் அழுத்தினால் பிஸ்கெட்போல நொறுங்கும் சத்தம் கேட்டால் நுரை போய்விட்டது, பட்டையும் போயிருக்கும். அடித்துணியை அவிழ்த்துப் பாருங்கள். பட்டையின் இரு முனையிலும் உலோகக் கிளிப் சட்டத்தின் பள்ளத்தில் செருகியிருக்கும். கிளிப்பைக் காப்பாற்றி, அதே அகலத்தில் புதுப் பட்டையைப் பத்து சதவீதம் குறைத்து வெட்டுங்கள்: பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கு 50 செ.மீ. என்றால் 45 செ.மீ. அதற்கு மேல் இழுத்தால் சட்டம் வளையும், குறைந்தால் உட்காரும்போது தரை தட்டும். புதுத் துணி போடும்போது பழைய துணியில் ஒரு முழத் துண்டை உறையில் போட்டு வையுங்கள். இப்போது எல்லாவற்றுக்கும் வெள்ளைச் சுருள் துணி போட்டு மூடும் மோகம் ஓடுகிறது; ஆட்டுக்குட்டி மந்தைபோல ஆகிவிட்டன கடைகள். அசல் வெல்வெட் மங்கியிருந்தாலும் கிழியவில்லையென்றால் விட்டுவையுங்கள்.

மேல்பூச்சு எது என்று தெரியாமல் பாலிஷ் போடக் கூடாது. மறைவான இடத்தில் பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். தின்னருக்கு மட்டும் இளகினால் நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு). இரண்டுக்கும் அசையாமல் கண்ணாடிபோல இருந்தால் 1960களின் பாலியெஸ்டர். அரக்கை வீட்டிலேயே சீர் செய்யலாம். பாலியெஸ்டரில் விரிசல் விட்டால் முழுவதையும் உரிக்க வேண்டும், உரிக்கும்போது அடியிலுள்ள மெல்லிய வினியரும் சேர்ந்து வந்துவிடும்.

மரத்தில் வண்டுத் துளைகள் இருந்தால் கறுப்புத் துணியில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். புது மாவு உதிர்ந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. பெர்மெத்ரின் மருந்தைத் துளை துளையாக ஊசியில் ஏற்றி, பாலித்தீனில் இறுக்கி மூன்று வாரம் மூடுங்கள், அதுவரை மற்றச் சாமான்களிடமிருந்து தள்ளி வையுங்கள்.

ஜோ கொலம்போவின் 4867 பிளாஸ்டிக் நாற்காலியில் கார்டெல் பெயரும் எண்ணும் அச்சிலேயே வந்திருக்கும். முதலில் ஏபிஎஸ், பிறகு நைலான், கடைசியில் பாலிபுரோப்பிலீன் என்று பொருள் மாறியது. பளபளப்பான ஏபிஎஸ்ஸைத்தான் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள்.

எங்கே வாங்குவது, என்ன கேட்பது

இத்தாலிக்குப் போக முடிந்தால்: அரெத்ஸோவில் மாதத்தின் முதல் ஞாயிறும் அதற்கு முந்தைய சனியும், துரினில் இரண்டாம் ஞாயிறு கிரான் பலோன், மிலானில் நவீலியோ கிராந்தே கால்வாய்க் கரையிலும் பதுவாவுக்கு அருகே பியத்ஸோலாவிலும் கடைசி ஞாயிறு, பார்மாவில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பெரிய சந்தை. வியாபாரிகள் விடிவதற்கு முன்பே டார்ச்சோடு வந்துவிடுவார்கள். ஒன்பது மணிக்குப் போனால் அவர்கள் வாங்கி விலை ஏற்றியதைத்தான் பார்ப்பீர்கள்.

ஏலப் பட்டியலில் ஒரு சொல்லில் எல்லாம் அடங்கியிருக்கும். பெயர் மட்டும் இருந்தால் அவருடையது என்று ஏல நிறுவனம் பொறுப்பேற்கிறது. "அத்ரிபுயீதோ" என்றால் இருக்கலாம் என்கிறார்கள். "நெல்லோ ஸ்தீலே தி", "நெய் மோதி தி" என்றால் அவருடையதல்ல, அந்தப் பாணி மட்டுமே. கமிஷனையும் கூட்டிப் பாருங்கள்: 1,000 யூரோவுக்கு ஏலச் சுத்தியல் விழுந்து, கமிஷன் 25 சதவீதம், கமிஷன் மீது 22 சதவீத வரி என்றால் கட்ட வேண்டியது 1,305 யூரோ, அனுப்பும் செலவு தனி.

தூரத்திலிருந்து வாங்கினால் இந்தப் படங்கள் வராமல் பணம் அனுப்பாதீர்கள்: அடிப்பீடத்தின் அடிப்பக்கம், கூட்டின் உட்புறம், ஹோல்டர், கழற்றிய மேல்தட்டின் உட்புறம், ஒரு திருகின் நெருக்கக் காட்சி, முத்திரை, ஒவ்வொரு சேதமும், எரியும் நிலையில் ஒன்று. நாற்காலிக்கு அடித்துணி அவிழ்த்த படம். விலையுயர்ந்த போன்டி சாமான் என்றால் ஜியோ போன்டி ஆவணக்காப்பகத்தின் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள், விற்பவரே தட்டச்சு செய்த "சான்றிதழ்" கணக்கில் வராது.

காகிதங்களும் பெட்டியும்

படைத்தவர் உயிரோடு இல்லை, பொருளுக்கு 70 வயது தாண்டிவிட்டது என்றால் இத்தாலியப் பண்பாட்டுச் சொத்துச் சட்டம் குறுக்கே வரும். 2017இல் திருத்தியபடி, 13,500 யூரோவுக்குக் குறைந்தவற்றுக்கு ஏற்றுமதி அலுவலகத்தில் தன்னறிவிப்பு போதும், அதற்கு மேல் அனுமதி வேண்டும். 1950களின் முதற்பாதிப் பொருட்கள் இப்போது இந்த வரம்புக்குள் வந்துவிட்டன. அறிவிப்பு தருவது விற்பவர் வேலை, பணம் கொடுப்பதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள்.

ஈட்டி மரச் சாமான் என்றால் இன்னொரு படி. பிரேசில் ஈட்டி 1992இலிருந்து, அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. 1960களில் செய்த மேசையாக இருந்தாலும் சான்றில்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல். நம் மலைகளின் ஈட்டியும் அதே பேரினம்தான், ஆனால் வேறு இனம், இரண்டாம் பட்டியல். வெறும் கண்ணால் பிரித்துச் சொல்வது கடினம் என்பதால் மரத்தின் தாவரப் பெயர் எழுதிய காகிதம் கேளுங்கள்.

இந்தியாவுக்குக் கொண்டுவருவதாக இருந்தால் பழைய பொருட்கள் இறக்குமதியில் கட்டுப்பாடு உண்டு: இயந்திரங்கள் போன்ற மூலதனப் பொருள் அல்லாத, பயன்படுத்திய சாமான்களுக்கு வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் அனுமதி தேவை. நூறு ஆண்டு தாண்டிய கலைப்பொருளுக்கான சலுகை இந்தக் காலத்துப் பொருளுக்குக் கிடைக்காது. கப்பலில் ஏற்றிய பிறகு சுங்க முகவரைத் தேடினால் துறைமுக வாடகைதான் ஏறும்.

கட்டும்போது கண்ணாடியையும் பல்பையும் எப்போதும் கழற்றித் தனிப்பெட்டியில். ஒவ்வொரு துண்டுக்கும் தனிச் சுற்று, பெட்டிக்குள் பெட்டி, இடையில் எல்லாப் பக்கமும் குறைந்தது 5 செ.மீ. மெத்து. சலவைக்கல்லைக் கம்பத்தோடு ஒரே பெட்டியில் வைத்தால் கல் நகர்ந்து கம்பத்தை வளைக்கும். மரப்பெட்டியில் பூச்சி பரவாதபடி மரம் பதப்படுத்தப்பட்டதைக் காட்டும் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்க வேண்டும், இல்லையென்றால் துறைமுகத்திலேயே நிற்கும். வந்து சேர்ந்ததும் பெட்டியைத் திறப்பதையே வீடியோ எடுங்கள்; காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அதைத்தான். மழைக்காலத்தில் வந்தால் வினியர் சாமானை ஏசி அறையில் உடனே வைக்காமல், சுற்றுக்காகிதத்தைத் தளர்த்தி நான்கைந்து நாள் நிழலில் விடுங்கள், இல்லையென்றால் வினியர் கொப்புளிக்கும்.